கச்சான் இல்லாத இடம்

அஸ்ஸலாமு அலைக்கும்.

லண்டனில் மகனோடு இருக்கும் அன்புத் தங்கச்சி ஸாலிஹாவுக்கு, கிண்ணியாவிலிருந்து உன் கூடப்பிறந்த காக்கா முஹம்மது தம்பி வாயால் சொல்ல, என் மகன் றுமைஸின் பெண்சாதி பஸ்மியா கையால் எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். என் இடது முழங்கால் மட்டும் எங்களோடு சேர்த்தி இல்லை. நட என்றால் நிற்கிறது, நில் என்றால் மடங்குகிறது. உன் சுகத்துக்கும் உன் மகன், என் மருமகன் சஜீத்தின் சுகத்துக்கும் ஐந்து வேளையும் கேட்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ யோசிப்பாய். உனக்குக் காது போய்விட்டது, எனக்கு எழுத்து வரவே இல்லை. போனில் நான் ‘சுகமா புள்ள?’ என்றால், நீ ‘ஓம் சின்னக் காக்கா, மீன்தான் ஆக்கினேன்’ என்கிறாய். அதற்குமேல் என்ன கதைப்பது? ஆகவே நடுவில் பஸ்மியா. என் வாயிலிருந்து விழுவதை அவள் கழுவித் துடைத்துப் புத்தகத் தமிழாக வைக்கிறாள். நான் மூச்சு விடாத இடத்திலெல்லாம் புள்ளி வைக்கிறாள், பொறுத்துக்கொள்.

விசயம் தொடங்கியது, வெள்ளைக்காரன் திருகோணமலைத் துறைமுகத்தைக் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறிய வருசம். அதே வருசக் கடைசியில்தான் பெரிய வெள்ளம் வந்து எங்கள் வளவுக்குள் வள்ளம் ஓடியது. அந்த இரண்டுக்கும் முன்னால், ஆனி ஆடியில் அடித்த கச்சானை உனக்கு நினைவிருக்காது, நீ சின்னப் பிள்ளை. மேற்கேயிருந்து அடுப்பு வாயைத் திறந்துவிட்ட மாதிரி காற்று. வாழை இலை எல்லாம் நூலாகக் கிழிந்தது. உனக்கு மேலெல்லாம் வெடித்து, சொறிந்து சொறிந்து புண். உம்மா தேங்காய் எண்ணெய் பூசினால், அதில் புழுதி ஒட்டி, நீ சீனி புரட்டின பலகாரம் மாதிரி நின்றாய். கடைசியில் கந்தூரிக்குச் சோறாக்கும் பெரிய கிடாரத்தில் தண்ணீர் நிரப்பி அதற்குள் போய் இருந்துவிட்டாய். கழுத்துக்கு மேல் மட்டும் தெரியும். வாப்பா துறைமுக வேலை முடிந்து வந்து, ‘இண்டைக்கு ஆரைடா அவிக்கிறீங்க?’ என்று கேட்டார். அன்று முதல், ‘இவளுக்குக் கச்சான் ஆகா’ என்பது எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்லும் பேச்சு. நீயும் பெரியவளாகி, கலியாணம் முடித்து, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு லண்டனுக்குப் போகும்வரை அதைத்தான் சொன்னாய். இதை இவ்வளவு விளக்கமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, மெல்ல வருகிறேன்.

போன மாரி முடிந்த கையோடு மருமகன் சஜீத் போனில் வந்தான். அவனுடைய தமிழ் வழுக்கல் தரையில் செருப்புப் போட்டு நடக்கிற மாதிரி, நல்ல பிள்ளை, விழாமல் போய்ச் சேர்ந்துவிடுவான். ‘மாமா, உம்மா ஊருக்கு வந்து இரிக்கப் போறாவாம். நான் வேணாம் எண்டு சொல்லல்ல. ஆனா நல்ல காலநிலை உள்ள இடம் வேணும். பன்னிரண்டு மாசமும் ஒரே மாதிரி. சூடும் கூடா, குளிரும் கூடா, மழையும் அளவா வேணும்’ என்றான். மாப்பிள்ளை தேடும்போதுகூட இத்தனை குணம் நாங்கள் கேட்டதில்லை. ‘மனே, அப்படி ஒரு இடம் சொர்க்கத்தில இரிக்கி. அதுக்கு முதல்ல மௌத்தாகணும்’ என்றேன். அவன் சிரிக்கவில்லை. ‘முக்கியமான விசயம், மாமா. அங்க கச்சான் இரிக்கக் கூடா. உம்மாக்குக் கச்சான் பட்டா உசிருக்கே ஆபத்து எண்டு டொக்டர் சொன்னவர்’ என்றான்.

நீ வருசா வருசம் சொன்னதுதான், ஆனாலும் மகன் வாயாலும் கேட்க எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. லண்டனில் இருக்கிற வெள்ளைக்கார டொக்டருக்கு எங்கள் கச்சான் காற்று தெரிந்திருக்கிறதே! பள்ளிவாசல் முன்னால் உட்கார்ந்திருந்த அத்தனை பேரிடமும் சொன்னேன். படித்தவன் படித்தவன்தான் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து நானும் றுமைஸும் கச்சான் அடிக்காத இடம் தேடிப் புறப்பட்டோம். முதலில் உப்புவெளி. அங்கே என் கூட்டாளி இராசதுரை இருக்கிறார். நான் கிண்ணியாத் துறையில் மிதவைப் பாதை தள்ளிய காலத்தில், பாலம் வருவதற்கு முன்னால், அந்தப் பாதையில் ஏறி மீன் கூடையோடு அக்கரைக்குப் போய் வந்த மனிதர். கடலுக்கு முகம் பார்த்த மாடி அறை ஒன்று அவரிடம் சும்மா கிடந்தது. மாடிக்கு ஏறி நின்றேன், கடற்காற்று முகத்தில் வந்து தடவியது. ஆஹா என்றேன். ‘மச்சான், இஞ்ச கச்சான் எப்பிடி?’ என்று கேட்டேன். இராசதுரை பொய் சொல்லத் தெரியாத ஆள், அதனால்தான் இன்னும் மாடி சும்மா கிடக்கிறது. ‘கச்சானோ? போன ஆனியில என்ர சாரம் கொடியில இருந்து கழண்டு கடலுக்க போனது, மச்சான். இன்னும் திரும்பி வரேல்ல. எந்தக் கப்பல்காரனோ கட்டியிருப்பான்’ என்றார். பிறகு காற்றாடியைப் போட்டுக் காட்டினார். உப்புக் காற்றில் துருப்பிடித்து, அது சுழலும் சத்தத்தில் கீழே நாய் குரைத்தது. பக்கத்து விடுதியில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் பாட்டுப் போட, கட்டில் தானாக ஆடியது. உனக்குக் காது கேட்காது என்பதால் அது ஒரு குறை இல்லை என்று றுமைஸ் சொன்னான். அவனுக்கு ஒரு குட்டு வைத்தேன்.

பிறகு மூதூர். அங்கே எங்களோடு கச்சான் பஸ்ஸில் ஒன்றாக வந்து இறங்கியது என்றுதான் சொல்ல வேண்டும். தொப்பி பறந்து, அதைப் பிடிக்க ஓடிய றுமைஸின் சால்வை பறந்து, அதைப் பிடிக்கப் போன என் முழங்கால் மடங்கி, நான் ஒரு தேங்காய்க் குவியலின் மேல் உட்கார்ந்தேன். தேங்காய்க்காரன், ‘எத்தின வேணும் காக்கா?’ என்று கேட்டான். இப்படியே ஒவ்வோர் ஊராகப் பார்த்ததில், கச்சான் அடிக்காத இடம் இந்தக் கரையில் கிடையாது, மலைக்குத்தான் போக வேண்டும் என்று ஆயிற்று. சஜீத்தும் போனில் தட்டிப் பார்த்து அதையே சொன்னான். பண்டாரவளையில் வருசம் முழுக்க ஒரே கணக்கில் குளிர்ச்சியாம், அதுபோல் காலநிலை இலங்கையிலேயே இல்லையாம், ஒரு வீடும் பார்த்து வைத்திருக்கிறானாம்.

றுமைஸின் கூட்டாளி ஒருவனின் வேனில் போனோம். ஏற ஏற எனக்குக் காது அடைத்தது, அப்போது உன்னைத்தான் நினைத்தேன், இப்படித்தானே உனக்கு எந்நேரமும் இருக்கும் என்று. அங்கே இறங்கினபோது நான் போட்டிருந்தது: இரண்டு சேர்ட், றுமைஸின் மழைக்கோட்டு, பஸ்மியாவின் கம்பளிச் சால்வை, அதற்குமேல் வேன்காரன் சீற்றுக்குப் போடும் துவாய். தொழுகைக்கு ஒளூச் செய்யத் தண்ணீரைத் தொட்டவுடன் கட்டின பல்லு இரண்டும் ஒன்றோடு ஒன்று கதைக்கத் தொடங்கிவிட்டன. வீட்டுக்காரம்மா கனகம்மா என்ற ஒரு மனுசி. மகள்மார் எல்லாம் கொழும்பில், வீட்டில் பாதியைக் கொடுக்கப் பார்க்கிறார். நல்ல மனுசி. கதிரை போட்டு உட்கார வைத்து, தேத்தண்ணி தந்து, கால் மூடப் போர்வையும் தந்தார். அங்கே மேகம் குசினிக்குள் வருகிறது, ஸாலிஹா. யன்னலால் வந்து, சட்டி முட்டி எல்லாம் பார்த்துவிட்டு, கதவால் போகிறது. ஒருவரும் அதை ஒன்றும் கேட்பதில்லை.

எல்லாம் பார்த்து முடிந்து, கேட்க வேண்டியதைக் கேட்டேன். ‘அம்மா, எல்லாம் சரி. இங்க கச்சான் இரிக்கா?’

‘இல்லாம என்னங்க ஐயா, இருக்கு’ என்றார்.

அடடா, ஒளிக்காமல் சொல்கிறாரே, வீடு கொடுக்கிறவர்களில் இப்படியும் ஒருவரா என்று நான் ஆச்சரியப்பட, அவர் உள்ளே போய் ஒரு தட்டு நிறைய வறுத்த கச்சான் கடலையோடு வந்தார். ‘இப்பதான் வறுத்தேன், சூடா இருக்கு. பல்லு தாங்குமா ஐயாவுக்கு?’

‘இது இல்லம்மா. அடிக்கிற கச்சான்.’

‘ஓ, இடிச்சதா? அத மொதல்லயே சொல்லக் கூடாதா. இருங்க, ஒரல்ல போட்டு எடுத்தாறேன்.’

‘இடிக்கிறதில்லம்மா! மேல்ல படுற கச்சான்!’

கனகம்மா றுமைஸைப் பார்த்தார். ‘தம்பி, ஐயாவுக்குத் தடவுறதுக்கு எண்ணெயா வேணும்? கச்சான் எண்ணெ இங்க கெடைக்காதே. நல்லெண்ணெ இருக்கு, சுட வச்சித் தரவா?’

றுமைஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துச் சிரித்துக் கதிரையிலிருந்து சரிந்துவிட்டான். நானும் சிரித்தேன். எங்கள் பக்கத்தில் தின்பதற்கும் அதே பேர், வீசுவதற்கும் அதே பேர் என்று அந்த மனுசிக்கு விளக்கினேன். அவரும் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு றுமைஸ் சிரிப்பை நிற்பாட்டினான். தரையில் இருந்தபடியே என்னைப் பார்த்தான்.

‘வாப்பா, சஜீத் மச்சான் செல்லுற கச்சான் எது?’

அங்கேயே வைத்து லண்டனுக்குப் போன் போட்டோம். ‘மனே, உன்ர உம்மாக்கு எந்தக் கச்சான் ஆகா?’ என்று கேட்டேன்.

‘என்ன மாமா கேள்வி இது? தின்கிற கச்சான். கோதுக்குள்ள இரிக்குமே. வேற என்ன கச்சான் இரிக்கி?’

‘காத்து இரிக்கிடா. கச்சான் காத்து!’

‘காத்துக்கும் கச்சான் எண்டா பேர்?’ என்றான். பிறகு பழைய டொக்டர் கதை முழுவதையும் எடுத்துச் சொன்னான்.

நடந்தது இதுதான், தங்கச்சி. நீ போன புதிதில், சஜீத் பள்ளிக்கூடத்தில் இங்கிலீசு பிடித்த கையோடு, உன்னை டொக்டரிடம் கூட்டிப் போனார்களாம். உனக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று டொக்டர் கேட்டாராம். உனக்கு இங்கிலீசு தெரியாது. சின்னப் பிள்ளை சஜீத்தான் நடுவில் நின்று சொன்னவன். ‘கச்சான் பட்டா எனக்கு மேலெல்லாம் வெடிச்சுக் கடிக்கும்’ என்று நீ சொல்ல, அவன் தனக்குத் தெரிந்த கச்சானைச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். டொக்டர் பயந்துபோய், இனி அதன் கிட்டவும் போகக் கூடாது என்றாராம். அவன் திரும்பி உன்னிடம், ‘உம்மா, கச்சான் கிட்டயும் போகக் கூடாதாம்’ என்று சொன்னானாம். நீயும், ‘அது எனக்குத் தெரியும்தானே’ என்று தலையை ஆட்டினாயாம். இரண்டு பேரும் ஒரே சொல்லைச் சொல்லி, ஒரே டொக்டருக்குத் தலையாட்டி, ஆளுக்கொரு பக்கம் போய்விட்டீர்கள்.

மருமகன் சஜீத், நீயும் இதை வாசிப்பாய். மாமா உன்னைக் குறை சொல்லவில்லை. அந்தப் பெரிய நாட்டில், சின்னப் பிள்ளை, உம்மாவின் உசிரைக் கையில் பிடித்துக்கொண்டு திரிந்திருக்கிறாய். லண்டனுக்கு ஆர் போனாலும் நான் கட்டிக் கொடுத்துவிட்ட கச்சான் பொட்டலத்தை எல்லாம், உம்மா காணுமுன்னம் எடுத்துக் குப்பையில் போட்டதாக அன்று போனில் அழுது சொன்னாய். அழாதே மனே. நீ போட்டது கச்சானைத்தான். நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் ஸாலிஹா, நீ அதைக் காணாமல், சின்னக் காக்காவுக்கு என் ஞாபகமே இல்லையாக்கும் என்று எண்ணியிருந்தால், இப்போது எண்ணத்தை மாற்றிக்கொள்.

இன்னொன்றும் எனக்கு அந்தக் கனகம்மா வீட்டில்தான் விளங்கியது. சஜீத் படித்த காலத்தில் அவனுக்குப் பள்ளிக்கூட லீவு ஆவணியில். இங்கே கச்சான் உச்சத்தில் நிற்பதும் ஆவணியில். ஒவ்வொரு வருசமும் ‘லீவுக்கு வா புள்ள, வா புள்ள’ என்று நான் கேட்க, ‘டொக்டர் கச்சான் கூடாதெண்டு சொன்னவர் சின்னக் காக்கா’ என்று நீ சொன்னாய். லண்டன் டொக்டரே சொன்னால் பிறகு என்ன என்று நானும் வாயை மூடினேன். வாப்பா மௌத்தானதுக்கு வரவில்லை, ஆடி மாதம். உம்மா மௌத்தானதுக்கு வந்தாய், மாரி. ஒரு சொல், ஸாலிஹா. வேறு சண்டை இல்லை, கோபம் இல்லை, ஒரே ஒரு சொல் இத்தனை காலமும் உன்னை அங்கே பிடித்து வைத்திருக்கிறது. நான் போர்வைக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். கனகம்மா, குளிராக்கும் என்று இன்னொரு போர்வையும் கொண்டுவந்து போட்டார்.

அதோடு முடியவில்லை. போகும்போது வாசலில் நின்று, ‘அம்மா, காத்து இங்க எப்பிடி?’ என்று கேட்டேன். ‘அந்தக் காத்தா? ஆடியில வந்து பாருங்க ஐயா, கூரத் தகரத்தக் கையால புடிச்சிக்கிட்டு நிப்போம்’ என்றார். ஆக, தின்பதும் அங்கே இருக்கிறது, வீசுவதும் அங்கே இருக்கிறது.

ஆனாலும் சஜீத் பண்டாரவளையைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறான். காற்றைப் பற்றி அவன் போனில் ஒன்றும் காட்டவில்லையாம், குளிர்ச்சிக் கணக்குச் சரியாக இருக்கிறதாம். ‘மாமா, கடைசியா உங்கட கதைதான். நீங்க ஓம் எண்டா ஓம்’ என்றான். பெரிய பொறுப்பைத் தந்துவிட்டான். ஆகவே அல்லாஹ்வைச் சாட்சியாக வைத்து, மனம் கோணாமல் சொல்கிறேன், பண்டாரவளைதான் நல்லது. இங்கிருந்து வேனில் ஒரு பகல் முழுக்க ஓட வேண்டும், என் முழங்கால் இன்னொரு தரம் அந்த மலைக்கு வராது. அது என் பிரச்சினை, அதை நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டாம். பூ எல்லாம் அங்கே பெரிது பெரிதாகப் பூக்கிறது. கனகம்மா உன்னைக் கண்ணுக்குள் வைத்துப் பார்ப்பார்.

கிண்ணியாவைப் பற்றி ஒளிக்காமல் சொன்னால், மனிசர் இருக்கிற காலநிலை இல்லை. கச்சான் காலத்தில் உதடு வெடித்துச் சிரிக்க ஏலாது, அதனால் எல்லோரும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறோம். சோற்றில் மண் விழுகிறது. எங்கள் கொடியில் காய்ந்த உடுப்பு அடுத்த வளவில் கிடக்கும், அடுத்த வளவுக்காரன் உடுப்பு எங்கள் மாமரத்தில் தொங்கும், அதைக் கொடுத்து வாங்கப் போன இடத்தில் தேத்தண்ணி குடித்து, அசர் தொழுகை வரைக்கும் கதைத்துக்கொண்டிருந்துவிடுவோம். மாரியில் தவளை குசினிக்குள் வந்து குந்தியிருக்கும். தலையணை பூஞ்சணம் பிடிக்கும். மழை இரைச்சலில் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்காது, ஊர் முழுக்க உன்னைப் போலத்தான். இரண்டுக்கும் இடையில், மாசிக் கடைசியில், கடல் பாய் விரித்த மாதிரிக் கிடக்கும்போது, அசருக்கும் மஃரிபுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் நல்ல காலநிலை இருக்கிறது. அந்த நேரத்தில் துறையடியில் போய் உட்கார்ந்தால், அக்கரையில் துறைமுக விளக்குகள் ஒவ்வொன்றாகப் பற்றும். அதை நம்பி ஒருவரை வா என்று சொல்ல ஏலுமா? ஏலாது. ஆகவே நீ மலைக்கே போ.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும், கேட்கிற அளவுக்காவது காதையும் தருவானாக. சஜீத்துக்கும் அவன் பெண்சாதி பிள்ளைகளுக்கும் பரக்கத் உண்டாகட்டும். இங்கே றுமைஸ் ஸலாம் சொல்கிறான். இராசதுரை, அந்தச் சாரம் லண்டன் பக்கம் வந்தால் எடுத்து வைக்கச் சொன்னார்.

இப்படிக்கு,
உன் நன்மையை மட்டும் விரும்பும் காக்கா
முஹம்மது தம்பி (கையெழுத்துக்குப் பதில் பெருவிரல்)

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது பஸ்மியா சொல்கிறாள், ‘மாமா, சஜீத் மச்சானுக்குத் தமிழ் கதைக்கத்தானே தெரியும், வாசிக்கத் தெரியாதே’ என்று. ‘அடியே, இத முதல்ல செல்ல உனக்கு வாய் இல்லையா? அப்ப அந்தப் பண்டாரவளையை எல்லாம் வெட்டு’ என்றேன். ‘ஏலா மாமா, கை நோகுது. கீழ என்னவாவது செல்லுங்க, எழுதுறன்’ என்கிறாள். ஆகவே கீழே இருப்பதுதான் கடிதம், மேலே இருப்பது மருமகனுக்கு மரியாதை.

பண்டாரவளைக்குப் போகாதே, ஸாலிஹா. இங்கே வா. வடக்குப் பக்க அறைக்குப் போன கிழமையே சுண்ணாம்பு அடித்தாயிற்று. நீ வருவது முடிவாகவில்லையே என்று றுமைஸ் கேட்டதற்கு, பல்லிக்கு அடிக்கிறேன் என்று சொன்னேன். கச்சானுக்கு யன்னலில் ஈரச் சாக்குத் தொங்கவிடுவோம். உனக்குக் கடித்தால் நான் விசிறுகிறேன், எனக்கு வேறு வேலை இல்லை. சஜீத்திடம், ‘எனக்குக் குளிர் ஆகா’ என்று மட்டும் சொல். குளிருக்கு வேறு அர்த்தம் ஒன்றும் கிடையாது என்று பஸ்மியா உறுதியாகச் சொல்கிறாள்.

இந்த வீட்டில் என்னை வாப்பா என்கிறார்கள், மாமா என்கிறார்கள், ரோட்டில் போகிற பிள்ளைகள் பேரப்பிள்ளை முறையில் அப்பா என்கிறார்கள். எல்லாம் நல்ல பேர்தான். ஆனால் பெரிய காக்காவுக்கு அடுத்தவன் என்று என்னைச் ‘சின்னக் காக்கா’ என்று கூப்பிட்டவர்கள் எனக்குக் கீழே பிறந்தவர்கள் மட்டும்தான். தம்பி ஸுஹைரைச் சுனாமி கொண்டுபோனது. தங்கச்சி உம்மு குல்சும் போன நோன்புக்கு முதல் மௌத்தானாள், கடைசியாகக் கூப்பிட்டதும் அந்தப் பேர்தான். இனி அப்படிக் கூப்பிட இந்தத் துனியாவில் இருப்பது ஸாலிஹா.